துதிக்கை வைத்த லை

ஜூன் 2, 2024, ஞாயிறு

மழை நான்காவது நாளாக விடவில்லை. மாதக் கடைசிக்குள் என் வடிவமைப்புகள் ஐந்தைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். தகரத்தில் விழும் சத்தத்தில் யூடியூப் பாடத்தின் குரல் காதில் விழாததால், படத்தை மட்டும் பார்த்துக்கொண்டு இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் பேனாக் கருவியைப் பழகினேன். வளைவு எங்கே திரும்புகிறதோ அந்த உச்சியில் மட்டும் புள்ளி வைக்க வேண்டும், நடுவில் வைத்தால் கோடு நெளிந்துவிடும் என்பது குரல் இல்லாமலே விளங்கியது. ‘ல’ என்ற ஓர் எழுத்துக்கு எனக்குப் பத்தொன்பது புள்ளிகள் தேவைப்பட்டன. இரவு பதினொரு மணிக்கு அதை ஒன்பதாகக் குறைத்தேன். அம்மா அடுப்படியிலிருந்து வந்து, திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துப் பார்த்துவிட்டு, “பெருசா போட்டிருக்க, அதனால தெரியுது” என்றார்.

ஜூன் 3, திங்கள்

அம்மா இன்று மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகவில்லை. இந்த மழையில் அரைப் பேர், அதாவது அரை நாள் வேலைக் கணக்கு கூட விழாது.

ஜூன் 5, புதன்

இன்று நடந்ததை எழுதாமல் தூக்கம் வராது. நான் வேலை செய்யும் அச்சுக் கடைக்கு வந்த 31ஆம் நாள் நினைவஞ்சலித் துண்டுப்பிரசுரத்தில், இறந்தவரின் பெயரே பிழையாக அச்சாகிவிட்டது. அவருடைய பெயர் ‘பொ’ என்ற எழுத்தில் தொடங்குகிறது. குடும்பத்தார் கடைசி நேரத்தில் வாட்ஸ்அப்பில் அனுப்பிய திருத்தத்தை முதலாளி என் கோப்பில் ஒட்டினார். ப முன்னாலும், கொம்பும் காலும் ஒன்றாகப் பின்னாலும் போய் நின்றன. இருநூறு தாள்கள் அச்சாகி வெளியே வந்த பிறகுதான், அவற்றை எடுக்க வந்த மகன் அதைப் பார்த்தார். அவர் சத்தம் போடவில்லை. தாளைக் கையில் வைத்துக்கொண்டு, “இது எங்கப்பா பேரு இல்லையே” என்று மட்டும் சொன்னார்.

ஒட்டியது முதலாளிதான் என்றாலும் பார்த்திருக்க வேண்டியவள் நான். பிழையின் காரணத்தை மாலை முழுவதும் தேடிக் கண்டுபிடித்தேன். நாங்கள் கடையில் பழகியிருக்கும் பாமினி எழுத்துருவில் ‘பொ’ என்பது கொம்பு, ப, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே மூன்று தட்டுகள். வாட்ஸ்அப்பில் வந்த ஒருங்குறியிலோ (யூனிகோட்) ப முதலில் வரும், கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறி அதன் பின்னால் வரும், அந்தக் குறியைப் பிளந்து எழுத்தின் இரு பக்கமும் நிறுத்துவது மென்பொருளின் பொறுப்பு. கடையில் பயன்படுத்தும் இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருளில் அந்தப் பொறுப்பை நாம்தான் இயக்கி விட வேண்டும்: விருப்பத் தெரிவுகளில் எழுத்துப் பகுதிக்குப் போய் இந்திய மொழிகளுக்கான தெரிவைக் காட்டச் செய்து, பிறகு பத்தி அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான கம்போஸரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு சொடுக்குகள் போதும். நிறச்சக்கரத்தைப் பற்றி எனக்கு எட்டுப் பாடங்கள் கிடைத்தன. இந்த இரண்டு சொடுக்குகளை ஒருவரும் சொல்லித் தரவில்லை.

முதலாளி மறுபடி இலவசமாக அச்சிட்டுக் கொடுத்தார். “இனிமே பேரை மட்டும் வாயால ஒருக்கா வாசிச்சுப் பாருங்க தங்கச்சி” என்றார். ஏசியிருந்தால் கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

ஜூன் 6, வியாழன்

பிழையான இருநூறு தாள்களும் ஒரு பக்கம் வெள்ளை. பயிற்சிக்கு வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

பின்டெரெஸ்டில் நான் சேர்த்து வைத்த படங்களை இன்று எண்ணினேன். நானூற்றுச் சொச்சம் இருக்கின்றன. எல்லாமே அழகாக இருக்கின்றன, எல்லாமே ஆங்கிலத்தில் இருக்கின்றன, எதைப் பார்த்துச் செய்தாலும் தமிழை உள்ளே வைத்தவுடன் அந்த அழகு கலைந்து போகிறது. வரிகளுக்கு இடையில் அவர்கள் விடும் இடைவெளி நமக்குப் போதாது. மேல் வரியின் ‘கு’வும் ‘மூ’வும் கீழே தொங்கும், கீழ் வரியின் ‘கீ’யும் ‘டி’யும் மேலே எழும்பும், இரண்டும் முட்டிக்கொள்ளும். எழுத்தின் அளவில் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் வரியிடைவெளி விட்டால்தான் என் கண்ணுக்கு மூச்சு வருகிறது.

இதை மத்தியானம் டவுனில் போர்ட் எழுதும் மாமாவிடம் சொன்னேன். பேனர் வந்த பிறகு அவருக்கு வேலை குறைந்துவிட்டது. கோயில், லொறி, எப்போதாவது ஒரு சலூன் என்று ஓடுகிறது. அவர் பதில் சொல்லாமல், நூலைச் சுண்ணாம்பில் தோய்த்துப் பலகையில் இரண்டுக்குப் பதிலாக நான்கு கோடுகள் அடித்துக் காட்டினார். நடு இரண்டும் எழுத்தின் உடம்புக்கு, மேலொன்று விசிறிக்கு, கீழொன்று வாலுக்கு. பிறகு ரயில் நிலையத்துப் பெயர்ப்பலகையைப் போய்ப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் அடுக்காக நிற்கின்றன. பிறந்த நாள் முதல் பார்த்த பலகை அது. மூன்று மொழிப் பலகைகளில் தமிழ் வரி மட்டும் நீளத்தால் நெருக்கப்பட்டு, பக்கவாட்டில் நசுங்கி நிற்பதை இனி எந்த அலுவலக வாசலிலும் என்னால் பார்க்காமல் கடக்க முடியாது. நிலையப் பலகையில் அந்தக் குறை இல்லை. ஊரின் பெயர் சின்னது.

ஜூன் 12, புதன்

அதிகாலை பஸ்ஸில் கண்டி. கினிகத்தேனை இறக்கத்தில் அம்மாவுக்குத் தலைசுற்றியது. கண் கிளினிக்கில் மூன்று மணி நேரம் காத்திருந்தோம்.

சுவரில் இருந்த அட்டையில் மூன்று பற்கள் கொண்ட சீப்பைப் போல ஒரே ஓர் எழுத்து, ஆங்கில ஈ, மேல், கீழ், இடம், வலம் என்று திரும்பித் திரும்பி நிற்கிறது. எழுத வாசிக்கத் தெரியாதவரும் பற்கள் எந்தப் பக்கம் என்று கையால் காட்டலாம். அம்மா, கொழுந்துக் கறை ஏறிய மூன்று விரல்களை நீட்டி மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். ஒரு கணம் அந்தக் கையே அட்டையிலிருந்து இறங்கி வந்த எழுத்தாகத் தெரிந்தது. மூன்றாவது வரியில் எல்லாவற்றையும் வலம் என்றே காட்டத் தொடங்கினார். தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டிருக்கிறார்.

பஸ்ஸில் திரும்பும்போது தேடி வாசித்தேன். கண் பரிசோதனை அட்டையை 1862 இல் ஸ்நெல்லன் என்ற நெதர்லாந்து வைத்தியர் உருவாக்கினார். ஐந்துக்கு ஐந்து கட்டங்களுக்குள் அமைந்த எழுத்துகள் அவருடையவை. ஆறு மீற்றர் தூரத்தில் நல்ல கண் வாசிக்க வேண்டிய எழுத்தின் உயரம் 8.7 மில்லிமீற்றர், உச்சியில் உள்ள பெரிய எழுத்து அதைப் போலப் பத்து மடங்கு. அலங்காரம் ஒன்றுமில்லாமல், தெரிகிறதா இல்லையா என்ற ஒரே கேள்விக்காகச் செய்யப்பட்ட எழுத்து. என் நானூறு படங்களில் இப்படி ஒன்று இல்லை.

அம்மாவின் கண்புரைச் சத்திரசிகிச்சைக்கான திகதியைப் போனில் சொல்வார்களாம். முதலில் இடது கண்.

ஜூன் 13, வியாழன்

ஒரு வடிவமைப்பைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் எது முதலில் தெரிகிறதோ அதுதான் அதன் தலை என்று பாடங்களில் சொல்கிறார்கள். அம்மா எப்போதும் அப்படித்தான் பார்க்கிறார். கண்புரையில் கண்வில்லை மங்கி மஞ்சளித்துவிடுவதால் நீலம் சோர்ந்து போகும், வெளிச்சம் சிதறும், நிறங்களுக்கு இடையிலுள்ள வேறுபாடு குறையும். நான் செய்த ஆறு சுவரொட்டிகளையும் மங்கலாக்கி, மேலே ஒரு மஞ்சள் படலத்தைப் போட்டுப் பார்த்தேன். நான்கு காணாமல் போயின.

நிறவேறுபாட்டை 1 முதல் 21 வரையிலான எண்ணாகக் கணக்கிடும் வழி இருக்கிறது. வெள்ளையில் கறுப்பு 21, வெள்ளையில் மஞ்சள் 1.07, எங்கள் கடையில் ஆசையாகப் போடும் நீலத்தின் மேல் சிவப்பு 2.15. சாதாரண எழுத்துக்கு 4.5க்குக் குறையக் கூடாது, பெரிய எழுத்துக்கு 3 போதும். கோயில் பேனரின் சிவப்பில் மஞ்சள் 3.7. மாரியம்மன் தப்பித்துக்கொண்டாள்.

ஜூன் 16, ஞாயிறு

அம்மாவின் சம்பளச் சீட்டை மேசையில் ஒட்டி வைத்திருக்கிறேன். யாரும் கேட்காத வேலை இது. ஆனால் இந்த மாதத்தில் நான் செய்ததிலேயே இதில்தான் நேரம் போனது தெரியவில்லை.

கைவிரல் நீளமுள்ள சீட்டு. எல்லா எண்களும் ஒரே அளவு, ஒரே கனம், தலைப்புகள் ஆங்கிலச் சுருக்கங்கள். சேமலாப நிதிக்கு எட்டு வீதம், சங்கச் சந்தா, தேயிலைத்தூள், திருவிழா முற்பணம் எல்லாம் ஒன்றன் கீழ் ஒன்றாக எறும்பு வரிசை போலப் போகின்றன. கையில் வரும் தொகை, வலது மூலையில் அதே எறும்புகளில் ஓர் எறும்பு. ஒவ்வொரு மாதமும் அம்மா இதை என்னிடம் நீட்டி இரண்டே கேள்விகள் கேட்பார்: “எத்தன பேரு விழுந்திருக்கு? கையில எவ்வளவு?” மற்றவை எல்லாம் சண்டை வரும்போது மட்டும் தேவைப்படுபவை. அப்படியானால் அந்த இரண்டும்தான் தலை. மலைக்குப் போன நாட்களை, ஒரு பேருக்கு ஒன்றாகச் சின்னக் கட்டங்களில் நிரப்பினேன். அரைப் பேருக்குப் பாதிக் கட்டம். கையில் வரும் தொகையை முக்தா மலர் என்ற எழுத்துருவில் தடித்த எழுத்தாக வைத்தேன். கழிவுகளைக் கட்டமரன் என்ற எழுத்துருவில் மெல்லிய எழுத்தாக, தமிழில், சுருக்கமில்லாமல் எழுதினேன். அந்த எழுத்துருவில் ஒன்பது கனங்கள் இருக்கின்றன. முதல் முறை ஆறைப் பயன்படுத்திக் கூத்தாக்கிவிட்டு, பிறகு இரண்டோடு நிறுத்தினேன். நினைவஞ்சலித் தாளின் பின்பக்கத்தில் அச்சிட்டு அம்மாவிடம் கொடுத்தேன்.

வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் பிடித்து, கட்டங்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பதினேழரை. சரியாகச் சொன்னார்.

பிறகு, “தேயிலன்னு எழுதியிருக்கது ஒரு மாதிரி இருக்கே” என்றார். பென்சிலை வாங்கித் தான் எழுதும் விதத்தில் எழுதிக் காட்டினார். லகரத்தின் தலைக்கு மேலே யானை துதிக்கையைச் சுழற்றியது போன்ற பழைய லை.

ஜூன் 18, செவ்வாய்

மே தினத்தன்று நாட்சம்பளம் 1,700 ரூபாய் என்று மேடையில் சொன்னார்கள். சீட்டில் இன்னும் 1,000 தான் நிற்கிறது, அதை நான் எத்தனை பெரிய எழுத்தில் போட்டாலும் அது 1,000 தான்.

ஜூன் 19, புதன்

அந்த லையை விட முடியவில்லை. ணை, லை, ளை, னை என்ற நான்குக்கு மட்டும் துதிக்கை இருந்தது. தமிழ்நாட்டில் 1978 இல் அரசு அதை மாற்றியது; இங்கே பழைய புத்தகங்களிலும் பழைய கைகளிலும் அது நீடித்தது. நான் இறக்கி வைத்திருக்கும் எழுத்துருக்கள் ஒன்றிலும் அது இல்லை. இன்றைய லையில் இணைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் தனியாக நிற்கிறது. துதிக்கையோ எழுத்தின் உடம்பிலிருந்தே கிளம்புகிறது. பதினொரு புள்ளிகளில் வரைந்தேன். தலை பாரமாகிச் சாய்கிறது.

போன் வரவில்லை.

ஜூன் 21, வெள்ளி, பொசன் போயா

கடை விடுமுறை. தேயிலைச் சாக்கில் தகரத்தை வெட்டி மைபூசிப் போடும் எழுத்துகளைப் போலத் தமிழில் செய்ய வேண்டும் என்று வெகுநாள் ஆசை. கொழும்பைச் சேர்ந்த மூனியாக் என்ற எழுத்துருக் குழு வெளியிட்ட போஸ்ட் நோ பில்ஸ் எழுத்துருவின் தமிழ் வடிவத்தைப் பார்த்துத்தான் ஒரு விஷயம் விளங்கியது: ‘அ’வின் சுழிக்குள்ளே இருக்கும் வெற்றிடம் பாலம் விடாமல் வெட்டினால் உதிர்ந்து விழுந்துவிடும். எங்கே பாலம் விடுவது என்பதுதான் முழு வேலையும்.

வெட்டுவதற்குத் தகரம் இல்லை. போர்ட் மாமா எக்ஸ்ரே தாள்தான் நல்லது என்றார், மை ஊறாது, மடியாது. பெட்டியில் அப்பாவுடையது இருந்தது. அம்மாவிடம் கேட்டேன். வெகுநேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, “நெஞ்சு தெரியிற எடத்த விட்டுட்டு ஓரத்துல வெட்டு” என்றார். ஓரத்தில் மூன்று எழுத்துகளுக்குத்தான் இடம் இருந்தது.

ஜூன் 23, ஞாயிறு

தேயிலைப் பக்கெற் போடும் ஒருவருக்கு உறை வடிவமைப்பு. சிரித்துக்கொண்டு கொழுந்து பறிக்கும் பெண் கட்டாயம் வேண்டுமாம். 1926 முதல் 1933 வரை லண்டனில் இயங்கிய எம்பயர் மார்க்கெட்டிங் போர்டு என்ற பிரித்தானியப் பேரரசுப் பொருள்களின் விளம்பர வாரியத்தின் சுவரொட்டிகளில் இலங்கைக் கொழுந்து பறிப்பும் உண்டு. அன்று முதல் அந்தப் பெண் நிமிரவும் இல்லை, களைக்கவும் இல்லை. இணையத்தில் விற்கும் படங்களில் அவள் பட்டுச்சேலை உடுத்தி நிற்கிறாள். இடுப்பில் சுற்றிக் கட்டும் படங்கு இல்லை, காலில் அட்டை கடித்த அடையாளம் இல்லை, கூடைக் கயிறு தலையில் அழுந்தும் இடத்தில் மடித்து வைத்த துணியும் இல்லை.

நான் கையை மட்டும் வரைந்தேன். இரண்டு இலையும் ஒரு மொட்டும், கறை ஏறிய மூன்று விரல்களும். அவர், “முகம் எங்க?” என்று கேட்டார்.

ஜூன் 25, செவ்வாய்

முகம் வைத்துக் கொடுத்தேன். காசு தந்தார். பச்சை, திரையில் கிளியாக இருந்து அச்சில் பாசியாக வந்தது. அச்சு மைகளால் எட்ட முடியாத பச்சை அது என்று முன்னமே தெரிந்தும் திரையை நம்பினேன். வெட்டுவதற்காக ஓரத்தில் 3 மில்லிமீற்றர் கூடுதலாக விட மறக்கவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

ஜூன் 27, வியாழன்

போன் வந்தது. ஜூலை 4.

ஜூன் 30, ஞாயிறு

கொழும்புக்கு ஐந்து வடிவமைப்புகள் அனுப்ப வேண்டிய கடைசி நாள். அண்ணன் காலையிலிருந்து மூன்று முறை போன் எடுத்துவிட்டான். சம்பளச் சீட்டு, கை, எக்ஸ்ரே எழுத்து மூன்றும் தயார். நான்காவதாக நினைவஞ்சலிப் பிரசுரத்தை, பெயர் பிழையாக வந்ததையும் சரியாக வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பலாமா என்று யோசித்தேன். அது அந்த மகனுடையது, என்னுடையதல்ல. பின்டெரெஸ்டைப் பார்த்துச் செய்த சுவரொட்டிகளில் ஒன்றை எடுத்து மங்கலாக்கிப் பார்த்தேன், தெரிந்தது, அதைச் சேர்த்தேன். ஐந்தாவதற்குப் பதிலாக ஒன்றும் இல்லை. இரவு பதினொன்று நாற்பதுக்கு நான்காகவே அனுப்பினேன்.

ஜூலை 3, புதன்

மூன்று நாள் லீவு சொல்லியாயிற்று. அம்மா பையில் துண்டு, சீப்பு, பழைய கிளினிக் துண்டு, ஏனோ அந்தச் சம்பளச் சீட்டையும் வைத்திருக்கிறார். காலை நான்கரை பஸ். துதிக்கையின் தொடக்கத்தை மெல்லியதாக்கி ஒன்பது புள்ளிகளுக்குக் கொண்டு வந்துவிட்டேன், எட்டாவது புள்ளி மட்டும் இன்னும் இடம் மாற வேண்டும், இடது பக்கம் ஒரு மயிரிழை, கரண்ட் போய்விட்டது.