உறையை இன்னும் ஒட்டவில்லை

2022 நவம்பர், தேர்தல் நாள். நூலக வாசல் ஓட்டுப் பெட்டி பக்கத்தில் ஒரு பாட்டி நின்றுகொண்டிருந்தார். கையில் வாக்குச்சீட்டு உறை, இன்னும் ஒட்டவில்லை.

"26-228-ஆ?" என்றேன். போர்ட்லாந்து நகரை ஆளும் முறையை மாற்றலாமா என்று மக்களைக் கேட்ட வாக்கெடுப்பின் எண் அது. தலையாட்டினார்.

வாக்காளர் கையேட்டைத் திறந்து காட்டினார். பக்கம் முழுக்கப் பென்சில் கோடுகள். '12 கவுன்சிலர்கள்' என்ற இடத்தில் இரண்டு முறை அடிக்கோடு, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி.

இங்கே, அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்துப் போர்ட்லாந்தில், 1913-லிருந்து அதுவரை ஒரே முறைதான். மேயரும் நான்கு கமிஷனர்களும். ஆளுக்குச் சில துறைகளை அவர்களே நேரடியாக நடத்தினார்கள். எல்லோரையும் மொத்த நகரமும் சேர்ந்து தேர்ந்தெடுத்தது. 2007-ல் மாற்றலாமா என்று கேட்டபோது மக்கள் வேண்டாம் என்றார்கள்.

2022-ல் மறுபடி கேட்டபோது முன்வைத்தது: நான்கு வட்டாரம், வட்டாரத்துக்கு மூன்று பேர், விருப்ப வரிசைப்படி ஓட்டு, துறைகளைக் கவனிக்க ஒரு நகர நிர்வாகி. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஆம், இல்லை.

அதுதான் பாட்டிக்கு உறுத்தல். பாதி பிடிக்கிறது, பாதி பிடிக்கவில்லை, என்ன செய்வது என்றார். நியாயமான கேள்வி.

நான் ஆம் போட்டேன். நான் குடியிருக்கும் கிழக்குப் பக்கம் பல தெருக்களில் இன்னும் நடைபாதையே கிடையாது. எங்கள் வட்டாரத்துக்கென்று மூன்று பேர் இருந்தால், யாரிடம் போய்க் கேட்பது என்றாவது தெரியும் என்று நினைத்தேன்.

ஊர் தன் சாசனத்தை, அதாவது தன்னை ஆளும் அடிப்படை விதிகளை, தானே எழுதலாம், திருத்தலாம் என்ற உரிமை ஒரிகானில் 1906-லேயே வந்துவிட்டது. அந்த உரிமைதான் அன்று பாட்டி கையில் ஒட்டாத உறையாக இருந்தது.

அப்புறம் ஒட்டினார், கையெழுத்துப் போட்டார், பெட்டிக்குள் தள்ளினார். எதற்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை.

அன்று இரவு 8 மணி வரை நேரம் இருந்தது.