டிக்கெட்டில் எழுதுகிற நாலு வரி

மார்ச் 3, திங்கள்

எங்கள் இணைய நிறுவனத்தின் கால் சென்டரில் புதிதாகச் சேர்ந்த பெண் இடைவேளையில் கேட்டாள்: "அக்கா, இந்த வேலையில உங்களுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது?" கத்துகிறவர்களின் போன் கால் பிடிக்காது, நன்றி சொல்கிறவர்களின் போன் கால் பிடிக்கும் என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். சீட்டுக்குத் திரும்பியதும் மனசு உறுத்தியது. கத்துகிறவர்கள் மேல் எனக்குக் கோபமே வருவதில்லை. இரண்டு நாளாக இணையம் இல்லாத மனிதர் வேறு எப்படிப் பேசுவார்? குறுக்கே பேசாமல் ஒரு நிமிடம் கேட்டால் பெரும்பாலும் குரல் தானாக இறங்கிவிடும். அவளுக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும். கொஞ்ச நாள் எழுதிப் பார்க்கிறேன்.

மார்ச் 4, செவ்வாய்

கண்ணால் பார்க்க முடியாததைக் காதால் தேடுவது எனக்கு ரொம்பப் பிடிக்கும். இன்று அது உறுதியானது.

வயதான ஒருவர். ரவுட்டரில் விளக்கு எரிகிறது, இணையம் மட்டும் வரவில்லை. ஏற்கெனவே மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார், மூன்று முறையும் அணைத்துப் போடச் சொல்லியிருக்கிறார்கள். "தூசி தட்டித் திருப்பி வச்சேன், அதுலேருந்துதான் இப்படி" என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன்.

"பின்பக்கம் வரிசையா நாலு ஓட்டை இருக்கும் அய்யா. கொஞ்சம் தள்ளி, வேற நிறத்துல தனியா ஒண்ணு இருக்கா?"

இருந்தது, காலியாக. வெளியிலிருந்து வரும் கேபிளை அந்த நாலில் ஒன்றில் மாட்டியிருந்தார். பிடுங்கி மாற்றினார். 'டிக்' என்று அது உட்கார்ந்த சத்தம் என் ஹெட்செட்டில் கேட்டது. அப்புறம் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

"வந்துடுச்சும்மா."

14 நிமிடம். சராசரி கால் நேரத்தை அது ஏற்றிவிடும்தான். ஆனால் அவர் ஐந்தாவது முறை கூப்பிட வேண்டியதில்லை.

மார்ச் 5, புதன்

சாட் ஷிப்ட். ஒரே நேரத்தில் மூன்று பேர். பிடிக்கவில்லை. ஒருவருக்கான பதிலை இன்னொருவர் பெட்டியில் அடித்து, அனுப்புவதற்குள் பார்த்து அழித்தேன்.

'தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்' என்ற தயார் வரியை இன்று ஒரு பெண்மணிக்கு அனுப்பப் போனேன். மேலே ஏற்றிப் பார்த்தால் அதே வரி இரண்டு முறை போயிருக்கிறது. அதை விட்டுவிட்டு, "நேற்றே ஆள் வந்திருக்க வேண்டும், வரவில்லை, தவறு எங்களுடையது" என்று நானே எழுதினேன்.

மார்ச் 7, வெள்ளி

எங்கள் வரிசையில் ஒருவர் லீவு. ஒரே ஒருவர்தான், ஆனாலும் காத்திருப்பு எகிறிவிட்டது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் இருந்த எர்லாங் என்ற கணித அறிஞர் 1917-லேயே இதற்குச் சூத்திரம் எழுதி வைத்திருக்கிறார். போட்டுப் பார்த்தேன். மணிக்கு 120 கால், ஒவ்வொன்றும் சராசரியாக 5 நிமிடம் என்றால் 10 பேருக்கு முழு வேலை. 12 பேர் உட்கார்ந்திருந்தால் சராசரிக் காத்திருப்பு ஒரு நிமிடத்துக்குச் சற்றே அதிகம். 11 பேர் என்றால் கிட்டத்தட்ட மூன்றரை நிமிடம்! இதில் கூப்பிட்டவர் மேலும் தப்பில்லை, எடுத்தவர் மேலும் தப்பில்லை.

இந்த மாதிரி நாளில்தான் எனக்குப் பிடிக்காத வேலை வரும்: எதுவும் சொல்லாமல் இன்னொரு பிரிவுக்குத் தள்ளிவிடுவது. ஒருவர் ஆறு நிமிடம் தன் கதையைச் சொன்னார். பில் சம்பந்தப்பட்டது. பில்லிங் பிரிவில் ஆள் எடுக்கும் வரை லைனில் இருந்து விஷயத்தைச் சொல்லிவிட்டு விலகுவதுதான் என் பழக்கம். இன்று அதற்கு நேரம் இல்லை, உடனே மாற்று என்றார் டீம் லீடர். மாற்றினேன். அந்தப் பக்கம் முதல் கேள்வி "உங்க கணக்கு எண் சொல்லுங்க" என்றுதான் இருந்திருக்கும். அவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருப்பார். அது இன்னும் மனசில் கிடக்கிறது.

மார்ச் 10, திங்கள்

ஒவ்வொரு போன் காலும் முடிந்ததும் டிக்கெட்டில், அதாவது அந்தப் புகாரின் பதிவில், குறிப்பு எழுத எங்களுக்குத் தருவது 60 நொடி. பக்கத்து சீட்டில் எல்லோருக்கும் அது தண்டனை. எனக்கு அதுதான் பிடித்த நிமிடம்.

'கஸ்டமர் கோபமாக இருந்தார். விளக்கப்பட்டது.' இப்படி ஒரு குறிப்பைக் காலையில் பார்த்தேன். என்ன பிரச்சினை, யார் என்ன விளக்கினார்கள்? ஒன்றும் இல்லை. நான் நாலு வரி எழுதுவேன்: அவர் சொன்னது அவர் வார்த்தையிலேயே, நாங்கள் செய்து பார்த்தது, பலிக்காதது, அவருக்குக் கொடுத்த வாக்கு.

மதியம் புதிதாகச் சேர்ந்த அந்தப் பெண் ஒரு போன் காலை எடுத்தாள். போன வாரம் நான் பேசியவர். திரையைப் படித்துவிட்டு அவளே ஆரம்பித்தாள்: "மாடி ரூம்ல சாயங்காலம் மட்டும் விட்டு விட்டு வருதுன்னு சொல்லியிருந்தீங்க. வைஃபை சேனல் மாத்தின பிறகு எப்படி இருக்கு சார்?"

அந்தப் பக்கத்திலிருந்து உடனே பதில் வரவில்லை போலிருக்கிறது. அவள் மியூட்டைத் தட்டிவிட்டு என் பக்கம் திரும்பி, "சிரிக்கிறாருக்கா" என்றாள்.