டங்கா, டொக்கா?

கனடாவில் நிற்கிற ஒரு பழைய லாரியின் அடிவயிற்றை சிங்கப்பூர் ஈசூன் கோப்பிக்கடையில் உட்கார்ந்தபடியே சோதித்து, ‘வாங்காதே’ என்று தீர்ப்பும் சொல்லிவிட்டு இப்போதுதான் வீடு திரும்பினோம். ‘னோம்’ என்பது ஒரு மரியாதைக்குத்தான். தீர்ப்பு அப்பாவுடையது. நான் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன், கோப்பிக்குக் காசு கொடுத்தேன்.

மச்சினன் இருப்பது லண்டனில். ஒன்டாரியோ மாநிலத்து லண்டன். நான்கு வருஷமாகச் சொல்லியும் அப்பா இன்னும் அவனிடம் அரண்மனைப் பக்கம் போனாயா என்றுதான் விசாரிக்கிறார். அவனும் சலித்துப்போய், ‘போன வாரம் போனேன் மாமா, பூட்டியிருந்தது’ என்று சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

அவனுக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் பிக்கப் மேல் கண். 2012 மாடல். போட்டோவைப் பார்த்ததும் அப்பாவுக்கு முதல் ஏமாற்றம். முன்னால் ஐந்து பேர் உட்கார இடம், பின்னால் ஒரு சோபா வைக்க இடம், இதற்குப் பெயர் டிரக்கா? ஆனாலும் ஓய்வுபெற்று ஆறு வருஷத்தில் முதன்முறையாக ஒருவன் வண்டி விஷயமாக அவரிடம் யோசனை கேட்கிறான். சட்டை மாற்றிக்கொண்டார். வீட்டில் சிக்னல் சரியில்லை என்று சொல்லி என்னைக் கோப்பிக்கடைக்குக் கூட்டிப்போனார். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. வீட்டில் பார்வையாளர்கள்தான் இல்லை.

இங்கே இரவு ஒன்பது, அங்கே காலை ஒன்பது. மச்சினன் வண்டியைச் சுற்றிச் சுற்றிக் காட்டினான். சீட்டு தோல், ஸ்டீயரிங் சூடாகுமாம். அப்பா பால் சேர்க்காத கோப்பி ஓவைச் சாசரில் ஊற்றி ஆற்றிக்கொண்டே, ‘தம்பி, பொண்ணு மூஞ்சி போதும். கீழே படு’ என்றார்.

அவன் படுத்தான். டார்ச் வெளிச்சத்தில் சேஸிஸ் பளபளவென்று கறுப்பாகத் தெரிந்தது. ‘பாருங்க மாமா, ஓனர் புதுசா பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்கார்!’

அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். என் உயர்நிலைப் பள்ளி ரிப்போர்ட் கார்டைத் திறப்பதற்கு முன்னால் சிரிப்பார். ‘பன்னெண்டு வயசுக்கு மேல ஆன வண்டிக்கு அடியில எவன்டா மை பூசுவான்? எதையோ மறைக்கிறான்.’

பனி உறையாமல் இருக்க அந்த ஊரில் குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்கள். சாதா சோடியம் குளோரைடு, மைனஸ் பத்துக்குக் கீழே போனால் சோம்பிவிடும். அப்போது கால்சியம் குளோரைடு மாதிரி ஏதாவது கலப்பார்கள். அது காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், லேசில் காயாது. அந்தக் குழம்பைச் சக்கரம் வாரி அடிக்க, சேஸிஸ் பெட்டிக்குள் ஓட்டை வழியாகப் புகுந்து உட்கார்ந்து உள்ளேயிருந்து தின்னும். வெளியே பெயிண்ட் சிரித்துக்கொண்டிருக்கும். பிரேக் பைப்பும் இப்படித்தான் போகுமாம், மிதித்த அன்றைக்குத்தான் தெரியும்.

இதெல்லாம் மச்சினன் படித்துவிட்டு வந்து சொன்னது. அப்பா எதையும் படிக்கவில்லை. ஜூரோங் தீவுக்காகக் கடலைத் தூர்த்த காலத்தில் கடல்மண் அடித்த டிப்பர்களுக்கு அடியில் படுத்துக் கிடந்தவர். ‘காஞ்ச உப்பு சாது. ஈரமான உப்புதான் பல்லு முளைச்ச உப்பு’ என்பார். அதனால்தான் மச்சினன் பெருமையாக, ‘குளிர்காலம் பூரா ஹீட்டர் போட்ட கராஜ்லதான் நிக்குமாம் மாமா’ என்றதும் அப்பா தலையில் கை வைத்தார். வெளியே உறைந்து கிடந்திருந்தால் துரு மெதுவாக ஏறியிருக்கும். தினமும் ராத்திரி வெதுவெதுப்பாக உருக்கிவிட்டால் அதற்கு விருந்துதான்.

‘சுத்தியல் இருக்கா? தட்டு.’

நல்ல இரும்பு டங் என்னும், துரு தின்ற இரும்பு டொக் என்னும். மச்சினன் தட்டினான். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவன் கை ஆடுகிறது, சத்தம் இல்லை. அப்பா காதில் குறை என்று நினைத்து முகம் வாடிவிட்டார். அப்புறம் என் மகள்தான் வீட்டிலிருந்து மெசேஜ் போட்டாள்: தட்டுகிற சத்தத்தை இரைச்சல் என்று நினைத்துப் போனே வெட்டிவிடுகிறதாம், தனியாகப் பதிவு செய்து அனுப்பச் சொன்னாள். வாய்ஸ் மெசேஜ்களாக வந்து விழ ஆரம்பித்தன.

ஒலியை முழுசாக வைத்தோம். டங். டங். பக்கத்து மேசையில் பேச்சு நின்றது. டங். மீ கோரிங் கடைக்காரர் கரண்டியைக் கீழே வைத்தார். பின்சக்கரத்து ஸ்பிரிங் மாட்டியிருக்கிற இடம் வந்தது. டொக்.

‘காராட்!’ என்றார் பின்மேசைச் சீன அங்கிள். மலாயில் துரு. முப்பது வருஷம் லாரி ஓட்டியவராம். அப்பாவுக்கும் அவருக்கும் பொதுவாக இருந்தது பாசார் மலாய் மட்டும்தான், துருவுக்கு அது போதும். இரண்டு பேரும் அதே டொக்கை ஏழு தடவை கேட்டார்கள். ‘சுரண்டு’ என்று உத்தரவு போனது. அடுத்து வந்த வீடியோவில் பெயிண்டோடு சேர்ந்து இரும்பு அடுக்கடுக்காக, கறிபஃப் ஓடு மாதிரி, மச்சினன் முகத்திலேயே உதிர்ந்தது. ‘ஹபிஸ்’ என்றார் அங்கிள், தீர்ந்தது என்று அர்த்தம். விற்கிறவர் பாவம், பக்கத்திலேயே நின்றாராம். சேஃப்டி சர்டிபிகேட் இருக்கிறதா என்று அவன் கேட்டதற்கு, இருக்கிறபடிக்குத்தான் விற்பேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாராம். இருந்திருந்தாலும் அந்தக் காகிதம் 36 நாளைக்குத்தான் செல்லும் என்று மச்சினன் சொன்னான்.

இது அப்பாவின் பழைய புண்ணைக் கிளறிவிட்டது. 1990இல் சிஓஇ என்கிற, வண்டி வைத்திருக்கப் பத்து வருஷ அனுமதிக் காகிதம் சிங்கப்பூரில் வந்தது முதல் அவர் பார்த்த லாரிகளில் பாதி, அடியில் ஒரு பொட்டு துரு இல்லாமல் பத்தாம் வருஷம் காகிதம் தீர்ந்ததற்காகவே ஏற்றுமதிக்கோ பழைய இரும்புக்கோ போனவை. புதுப்பிக்கலாம், ஆனால் முதலாளி கணக்குப் போடுவார். ‘குளிப்பாட்டி அனுப்பினேன்டா’ என்று ஒரு பச்சை லாரியைப் பற்றி ஆரம்பித்தார். அங்கிளுக்கும் அப்படி ஒரு நீல லாரி இருந்ததாம். நான் இன்னொரு சுற்று கோப்பி வாங்கிவந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மனுஷனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. சுத்தியலை எடுத்தார். வாசல் கேட்டு, டங். சமையலறை ஜன்னல் கம்பி, டங். குளியலறையில் ஸ்டூல் போட்டு ஏறிக் கூரையைத் தட்டினார்.

டொக்.

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிமெண்டுப் பாளம் வாளிக்குள் விழுந்தது. மேலே கம்பி, பழுப்பாக, அதே கறிபஃப். துரு ஊதி சிமெண்டைத் தள்ளியிருக்கிறது. முப்பத்தைந்து வயது வீவக வீடு, அதாவது அரசாங்க அடுக்குமாடி, தினமும் ஆவி பறக்க வெந்நீர்க் குளியல்.

அம்மா வாசலில் வந்து நின்றார். ‘தீபாவளியிலிருந்து சொல்றேன், அங்கே பெயிண்ட் உப்பிக்கிட்டு இருக்குன்னு. இந்த வீட்ல தட்டிக் கேக்க ஒரு ஆளுக்குக் கனடாவுலருந்து போன் வரணும்.’

அப்பா ஒன்றும் பேசவில்லை. ஸ்டூலிலிருந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். முட்டி இரண்டும் சத்தம் போட்டது. டங்கா, டொக்கா என்று நான் கேட்கவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மச்சினனிடமிருந்து இன்னொரு போட்டோ. 2015 மாடல், வெள்ளை. சனிக்கிழமை ஒன்பது மணிக்கு அதே மேசையைப் பிடித்துவைக்கச் சொல்லி எனக்கு உத்தரவு. சீன அங்கிளும் வருகிறாராம்.