பீக்கோ ட்ரெயில் நடக்கப் போறீங்களா?

இலங்கை மலைநாட்டுல இருக்கிற நீண்ட நடைபாதை இது. கண்டி ஹந்தானையில ஆரம்பிச்சு நுவரெலியா வரைக்கும் 300 கிலோமீட்டருக்கு மேல, 22 கட்டம். வெள்ளைக்காரன் காலத்துத் தேயிலைத் தோட்டப் பாதைகள்தான் பெரும்பாலும். மூட்டை 8 கிலோவைத் தாண்ட வேண்டாம். கூடாரம் தேவையில்லை, தங்க இடம் கிடைக்கும்.

மேற்குப் பக்கம், அதாவது ஹட்டன், பொகவந்தலாவைக்கு ஜனவரி–மார்ச் நல்லது. அப்புத்தளை, எல்ல ஊர்ப் பக்கம் ஊவா மாகாணம். அங்க வருஷக் கடைசியிலதான் மழை கொட்டும்.

மழைன்னா அட்டை. காற்சட்டையை சாக்ஸுக்குள்ள விட்டு, காய்ஞ்ச சோப்பை சாக்ஸ் மேல நல்லா தேய்ச்சுக்கோங்க. கடிச்சிட்டா பிடிச்சு இழுக்காதீங்க. ஒல்லியா இருக்கிற முனைதான் வாய். அதுக்கு அடியில நகத்தைச் சொருகித் தள்ளினா விட்டுடும். இரத்தம் உடனே நிக்காது, உறையாம இருக்க ஒண்ணைச் செலுத்திட்டுத்தான் குடிக்குது. அழுத்திப் பிடிங்க, போதும்.

உண்மையில நடையை நிறுத்துறது அட்டை இல்ல, கொப்புளம். ஈர சாக்ஸோட இறக்கத்துல இறங்கினா விரல் நுனி சப்பாத்துல இடிச்சுக்கிட்டே இருக்கும். அரை சைஸ் பெரிசா வாங்குங்க. இறங்கும்போது கணுக்கால் பக்கம் லேஸை இறுக்குங்க. தோல் சுட ஆரம்பிச்ச உடனேயே பிளாஸ்டர். "அடுத்த ஊர்ல பாத்துக்கலாம்"னா முடிஞ்சுது கதை.

அப்புத்தளைக்குப் பக்கத்து மலைக் காட்சிமுனையான லிப்டன்ஸ் சீட்டுக்கு விடியக்காலையில ஏறிடுங்க, வெயில் ஏற ஏற பனிமூட்டம் மூடிடும். இறங்கி வரும்போது லயத்துப் பக்கம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பெட்டிக்கடையில சூடா ரொட்டி, சம்பல், பிளேன்டீ. தமிழ்லயே வழி கேட்கலாம்.