அந்த நான்கு வருட இடைவெளி

நேற்று ஒரு அக்கவுண்டன்ட் வேலைக்கு ரெஸ்யூமே வந்தது. 2019-ல் ஒரு வேலை முடிகிறது, பிறகு 2023. நடுவில் ஒன்றுமே இல்லை. போனில் கேட்டதும் அந்தப் பெண்ணின் குரல் இறங்கிவிட்டது. "குழந்தை பிறந்துச்சு சார்... சும்மா வீட்லதான் இருந்தேன்."

பேசப் பேசத்தான் தெரிந்தது. தம்பியின் ஹார்டுவேர் கடைக்கு டேலி சாஃப்ட்வேரில் கணக்கு எழுதி, மாதாமாதம் 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டது இவர்தான். குழந்தை தூங்கிய பிறகு, இரவு பதினோரு மணிக்கு. இதையா சும்மா இருந்தேன் என்று சொல்வது? சம்பளம் வாங்காத வேலையும் அனுபவம்தான் அம்மா. ரெஸ்யூமேயில் வருடம் போட்டு எழுதுங்கள்.

மேனேஜர்களுக்கும் ஒரு வார்த்தை. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் பேறுகால விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 ஆக்கியது, 50 பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில் குழந்தைக் காப்பகமும் வேண்டும் என்றது. காப்பகம் இல்லாத ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு "ஏன் கேப்?" என்று கேட்பது நியாயமே இல்லை. கடைசியாக என்ன வேலை செய்தீர்கள், எதில் சிக்கல் வந்தது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று கேளுங்கள். ஆளைப் பற்றி அதில் தெரிவது தேதியில் தெரியாது.

அந்தப் பெண் ரெஸ்யூமேயைத் திருத்தி அனுப்பிவிட்டார். திங்கட்கிழமை மூன்று மணிக்கு இன்டர்வியூ.