முதல் நாள் வரவு 50 காசு

மாலையில் மெரினாவில் நடக்கும்போது அண்ணா சதுக்கத்தை நெருங்கியதும் என் நடை தானாகத் தளர்ந்துவிடும். பின்னாளில் சென்னை உணவகத் தொழிலில் பெயர்பெற்ற பட்ரிசியா நாராயண், 1982-இல் தமது தள்ளுவண்டியை நிறுத்தியது அங்கேதான். முதல் நாள் முழுக்கக் காத்திருந்தும் விற்றது ஒரே ஒரு காபி. வரவு 50 காசு. வீட்டுக்கு வந்து அழுத மகளை, ஒரு காபியாவது விற்றதே, அதுவே நல்ல சகுனம் என்று தாயார் தேற்றியதாக அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். மறுநாள் வியாபாரம் 600, 700 ரூபாயைத் தொட்டது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அந்த 50 காசிலேயே உருகி நின்றுவிடுகிறார்கள். எனக்கோ அதற்கு முந்தைய நாட்கள்தாம் முக்கியமாகப் படுகின்றன. மணவாழ்வு கசந்து, இரு குழந்தைகளோடு பெற்றோர் வீட்டுக்குத் திரும்பிய அவர், தாயாரிடம் சில நூறு ரூபாய் வாங்கி ஊறுகாய், ஜாம், ஸ்குவாஷ் ஆகியவற்றைச் செய்ய, அரசுப் பணியில் இருந்த தாயார் அவற்றைத் தம் அலுவலகத்துக்கு எடுத்துச் சென்று ஒரே நாளில் விற்றுக் கொடுத்தார். ஆக, தம் கைப்பக்குவத்துக்கு விலை உண்டு என்பது வண்டி வருவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த வண்டியும், மாற்றுத்திறனாளிகள் இருவருக்கு வேலை தர வேண்டும் என்ற நிபந்தனையோடு, அவர்களுக்காகப் பள்ளி நடத்திவந்த மருத்துவர் ஒருவர் மூலம் கிடைத்ததே.

மற்றவர்கள் டீயும் சிகரெட்டும் விற்ற இடத்தில் அவர் கட்லெட், சமோசா, பழச்சாறு என்று வைத்தார். உப்புக் காற்றில் ஒரு கட்லெட் எத்தனை நிமிடம் சூடாக இருக்கும் என்பது கடற்கரையில் நின்று தின்றவர்களுக்குத் தெரியும். வாங்கியவர் இரண்டு கடி கடிப்பதற்குள் ஆறிவிடும். அங்கே அதைச் சூடாகக் கொடுத்து, வந்தவரை மறுநாளும் வரவழைப்பது லேசான காரியமல்ல.

பிறகு குடிசை மாற்று வாரிய உணவகம் கைக்கு வந்தது. கணவரோடு சண்டையிட்டுக்கொண்டு கிடைத்த பேருந்தில் ஏறிப்போன ஒரு நாளில், கடைசி நிறுத்தத்தில் கண்ணில் பட்ட தேசியத் துறைமுக மேலாண்மைப் பயிற்சிப் பள்ளிக்குள் நுழைந்து வேலை கேட்டதில், அங்கு நாளும் மூன்று வேளை சுமார் 700 மாணவர்களுக்குச் சமைக்கும் பொறுப்பும் சேர்ந்துகொண்டது. மறைந்த தம் மகளின் நினைவாக 2006-இல் ‘சந்தீபா’ உணவகத்தைத் தொடங்கினார். 2010-இல் இந்தியத் தொழில் வணிகக் கூட்டமைப்பான ஃபிக்கியின் விருது வந்தது.

அத்தனை பேருக்கு மூன்று வேளையும் சமைத்துப் போட்ட காலத்திலும் மெரினா வியாபாரத்தை அவர் கைவிடவில்லை. 2003 வரை அது நடந்தது.