ஆள் குறைந்த சோஷியல் செக்யூரிட்டி அலுவலகமும் அம்மா அப்பாவின் விண்ணப்பங்களும்

2025 பிப்ரவரி கடைசியில் ஓய்வூதியம் போன்றவற்றை வழங்கும் அமெரிக்க சோஷியல் செக்யூரிட்டி நிர்வாகம் (இனி எஸ்எஸ்ஏ) தன் ஊழியர் எண்ணிக்கையைச் சுமார் 57,000-இலிருந்து 50,000-ஆகக் குறைக்கப்போவதாக அறிவித்தது. பத்து வட்டார அலுவலகங்கள் நான்காகச் சுருங்கின. அரசாங்கத்தை இளைக்க வைக்க வேண்டும் என்று அதிபர் டிரம்ப் தொடங்கிய 'டோஜ்' முயற்சியின் ஒரு பகுதி இது. செனட்டில் அதற்கென ஓர் ஆதரவுக் குழுவை அமைத்தவர் அயோவாவின் ஜோனி எர்ன்ஸ்ட். கீழவையில் டோஜ் துணைக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஜார்ஜியாவின் மார்ஜரி டெய்லர் கிரீன். வீண்செலவும் மோசடியும் ஒழியும், பெரியவர்களின் பணத்தில் யாரும் கைவைக்க மாட்டார்கள் என்பதுதான் ஆதரித்தவர்கள் சொன்னது.

தொகையில் கைவைக்கவில்லை என்பது சரிதான். சில மாதங்களில் பணம் வருவதே தடைபடும் என்று முன்னாள் ஆணையர் மார்ட்டின் ஓ'மாலி எச்சரித்தார். அப்படி நடக்கவில்லை. ஏற்கெனவே பென்ஷன் வாங்கும் பெரியவருக்கு மாதாமாதம் பணம் விழுந்துகொண்டிருக்கிறது. புதிதாக விண்ணப்பிக்கிறவர், வங்கியை மாற்றுகிறவர், கணவரை இழந்தவர், தவறான கடிதம் கையில் வந்தவர் ஆகியோர்தான் மாட்டிக்கொள்கிறார்கள். எங்கே ஒரு மனிதர் உட்கார்ந்து கோப்பைப் பார்த்தே ஆகவேண்டுமோ அங்கேதான் ஆள் இல்லை. அந்த வேலை பெரியவர்கள் தலையிலும் அவர்கள் பிள்ளைகள் தலையிலும் வந்து விழுந்திருக்கிறது. இதை ஆதரித்தவர்கள் இந்தச் செலவைக் கணக்கில் எடுக்கவே இல்லை என்பது என் உறுதியான கருத்து. அதே 2025 ஜனவரியில் கையெழுத்தான சோஷியல் செக்யூரிட்டி நியாயச் சட்டத்தால் லட்சக்கணக்கான அரசு ஓய்வூதியர்களின் தொகையைத் திருத்திக் கணக்கிட வேண்டியிருந்தது. வேலை கூடிய நேரத்தில் ஆள் குறைந்தது.

முதலில் பழைய செய்தி ஒன்றை மனத்திலிருந்து அகற்ற வேண்டும். 2025 மார்ச்சில், ஆன்லைனில் அடையாளத்தை நிரூபிக்க முடியாதவர்கள் தொலைபேசியில் விண்ணப்பிக்கக் கூடாது, நேரில்தான் வரவேண்டும் என்று ஒரு விதி அறிவிக்கப்பட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் ஏப்ரலில் பின்வாங்கினார்கள். தொலைபேசி விண்ணப்பம் மீண்டும் உண்டு. ஆனால் 'நேரில் போனால்தான் நடக்கும்' என்று நம்பி, நடக்க முடியாத பெரியவரை ஒரு மணி நேரம் காரில் அழைத்துப் போகும் குடும்பங்கள் இன்னமும் இருக்கின்றன. வங்கிக் கணக்கு மாற்றம் மட்டும் வேறு கதை: அதற்கு அடையாளச் சரிபார்ப்பு கடுமை. ஆன்லைன் கணக்கு இருந்தால் வீட்டிலிருந்தே முடியும். இல்லாவிட்டால் பெரும்பாலும் நேரில்தான். காகிதக் காசோலையும் 2025 செப்டம்பர் 30-உடன் பெரும்பாலும் நின்றுவிட்டதால் இந்த வேலை பலருக்குக் கட்டாயம் வரும். பழைய வங்கிக் கணக்கை மூட நினைப்பவர்கள், புதிய கணக்கில் ஒரு மாதப் பணம் விழுந்ததைப் பார்த்த பிறகே மூடுங்கள்.

ஆகவே முதல் வேலை எஸ்எஸ்ஏ தளத்தில் ஆன்லைன் கணக்கு. அதைத் திறக்கும் நேரத்தில்தான் பாதிப் பேர் தோற்றுப்போகிறார்கள், காரணங்களும் எப்போதும் ஒன்றேதான். நுழைவதற்கு இரண்டு வழிகள், இரண்டுமே அடையாளத்தைச் சரிபார்க்கும் இணையச் சேவைகள்: லாகின் டாட் கவ், ஐடி டாட் மீ. பெரியவருக்கென்று தனி மின்னஞ்சல் வேண்டும். மகனுடைய மின்னஞ்சலில் மகனுக்கே ஏற்கெனவே கணக்கு இருந்தால் அது எடுபடாது. இன்னொருவர் சார்பில் கணக்கு திறப்பதை, அவர் எழுதிக் கொடுத்தாலும், எஸ்எஸ்ஏ அனுமதிப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். பொத்தானை அவரே அழுத்தட்டும்.

லாகின் டாட் கவ் கிரீன் கார்டை ஏற்பதில்லை. மாநில ஓட்டுநர் உரிமமோ மாநில அடையாள அட்டையோ, குடியுரிமை பெற்றவரானால் அமெரிக்க பாஸ்போர்ட்டோ வேண்டும். கார் ஓட்டாத அம்மாவுக்கு எதற்கு என்று பல வீடுகளில் மாநில அட்டையே எடுத்திருக்க மாட்டார்கள். அதை முதலில் வாங்குங்கள். அட்டையைப் படம் எடுக்கும்போது கருமையான மேசையில் வைத்து, பளபளப்பு விழாமல் ஜன்னலுக்குப் பக்கவாட்டில் எடுக்க வேண்டும். மங்கலான படத்தால் சில முறை தோற்றால் சில மணி நேரம் பூட்டிக்கொள்ளும்.

அடுத்த தடை தொலைபேசி எண். அப்பாவின் கைபேசி மகனின் குடும்பத் திட்டத்தில் இருக்கும். எண் அப்பாவின் பெயரில் இல்லாததால் சரிபார்ப்பு தோற்கும். அப்போது பதற வேண்டாம். 'அஞ்சலில் குறியீடு அனுப்பு' என்பதைத் தேர்ந்தெடுத்தால் வீட்டு முகவரிக்குக் கடிதம் வரும். அந்தக் குறியீட்டுக்குக் காலாவதி உண்டு, வந்த அன்றே போட்டுவிடுங்கள். இதுவும் சரிவராவிட்டால், ஒரு பார்கோடை அச்சிட்டு எடுத்துக்கொண்டு, இந்தச் சேவை உள்ள தபால் நிலையத்தில் அட்டையைக் காட்டி நேரில் சரிபார்க்கும் வழி இருக்கிறது. எஸ்எஸ்ஏ அலுவலகத்தைவிட அங்கே கூட்டம் குறைவு. ஐடி டாட் மீ-யில் வீடியோ அழைப்பில் ஒருவரிடம் ஆவணங்களைக் காட்டும் வழி உண்டு. படம் எடுப்பதில் தடுமாறுகிறவர்களுக்கு அது நல்லது.

நம் ஆட்களுக்கே உரிய தடை பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும், கிரீன் கார்டில் இனிஷியல் விரிந்திருக்கும், ஓட்டுநர் உரிமத்தில் இரண்டு பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும், சிலருக்கு முதல் பெயர் இருக்கும் இடத்தில் 'எஃப்என்யு' (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று விழுந்திருக்கும். கணினிக்கு இவர்கள் நான்கு வெவ்வேறு மனிதர்கள். திருத்தும் வரிசை முக்கியம்: முதலில் எஸ்எஸ்-5 படிவத்தில் சோஷியல் செக்யூரிட்டி பதிவைச் சரிசெய்யுங்கள் (கட்டணம் இல்லை), பிறகு ஓட்டுநர் உரிமம், கடைசியில் ஆன்லைன் கணக்கு. உரிமம் கொடுக்கும் அலுவலகம் எஸ்எஸ்ஏ பதிவோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கும் என்பதால் தலைகீழாகச் செய்தால் இரண்டு முறை அலைய வேண்டும்.

இனி தொலைபேசி. எண் 1-800-772-1213, திங்கள் முதல் வெள்ளி வரை காலை 8 முதல் மாலை 7. காலை 8 முதல் 10 வரையும் மாலை 4-க்குப் பிறகும் கூட்டம் குறைவு. மாத முதல் வாரத்தையும் திங்கள், செவ்வாயையும் தவிர்த்து, மாதக் கடைசியில் புதன் முதல் வெள்ளிக்குள் கூப்பிடுங்கள். எடுப்பது இயந்திரக் குரல். அதனிடம் முழுக் கதையும் சொல்லக் கூடாது, இரண்டு மூன்று சொல்லில் காரணத்தைச் சொல்ல வேண்டும். திருப்பி அழைக்கும் வசதியைக் கொடுத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் தெரியாத எண்களைத் தடுக்கும் அமைப்பு கைபேசியில் இருந்தால் அன்றைக்கு அணைத்து வையுங்கள், இல்லையென்றால் அந்த அழைப்பு வந்ததே தெரியாமல் போகும்.

பெரியவர் லைனில் இல்லாமல் பிள்ளை மட்டும் பேசினால் ஒன்றும் நடக்காது. அவர் தன் அடையாளத்தைச் சொல்லி, 'என் மகள் பேசலாம்' என்று வாயால் அனுமதி கொடுக்க வேண்டும். அடையாளக் கேள்விகளில்தான் பலர் வழுக்குகிறார்கள். பிறந்த ஊர் கேட்டால் பழைய பதிவில் 'மெட்ராஸ்' இருக்கும், அம்மா 'சென்னை' என்பார். தாயின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர் கேட்பார்கள். நம் பாட்டிகளுக்கு அப்படி ஒன்று கிடையாது, அட்டை வாங்கும்போது யாரோ எதையோ எழுதியிருப்பார்கள். அன்று எழுதிய படிவத்தின் நகல் இருந்தால் தேடி எடுத்து வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். மொழிபெயர்ப்பாளர் கேட்டால் இலவசமாக இணைப்பார்கள், தமிழ் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று: நோட்டரி முன் எழுதிய பவர் ஆஃப் அட்டார்னி இங்கே செல்லாது. தந்தையின் நினைவு தடுமாறுகிறது, பணத்தை நீங்கள் நிர்வகிக்க வேண்டும் என்றால் எஸ்எஸ்ஏ-11 படிவம் மூலம் பிரதிநிதியாக நியமனம் பெற வேண்டும். மேல்முறையீட்டில் அவருக்காகப் பேச எஸ்எஸ்ஏ-1696. இரண்டும் வேறு வேறு.

ஓய்வூதியத்துக்கு நான்கு மாதம் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம், இப்போதைய நிலைமையில் அந்த நான்கு மாதத்தையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கணவரையோ மனைவியையோ இழந்தவர்களுக்கான தொகைக்கு ஆன்லைன் விண்ணப்பம் இல்லை. தொலைபேசி அல்லது நேர். இறுதிச் சடங்கு நிறுவனம் மரணத்தைத் தெரிவித்துவிட்டதே என்று குடும்பத்தினர் சும்மா இருந்துவிடுகிறார்கள். அது தகவல் மட்டுமே, விண்ணப்பம் ஆகாது. முதல் அழைப்பிலேயே 'நான் விண்ணப்பிக்க விரும்புகிறேன்' என்று தெளிவாகச் சொல்லி, பேசியவரின் பெயரையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். சந்திப்பு நேரம் தள்ளிப்போனாலும் விண்ணப்பத் தேதியாக முதலில் கேட்ட நாளைக் கோர அந்தக் குறிப்பு உதவும்.

நேரில் போக 2025 ஜனவரியிலிருந்து முன்பதிவு முறை. போகும்போது அசல் ஆவணங்கள். ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: கிரீன் கார்டையும் வெளிநாட்டுப் பிறப்புச் சான்றிதழையும் தபாலில் அனுப்பவே கூடாது என்று எஸ்எஸ்ஏ-வே சொல்கிறது. தொலைந்தால் மறுபடி வாங்கும் பாடு பெரிது. பிறப்புச் சான்றிதழ் இல்லாத தலைமுறை நம்முடையது. அவர்கள் பள்ளிச் சான்றிதழ், பழைய பாஸ்போர்ட் போன்றவற்றைக் கொண்டுபோகலாம். எது முன்பு எழுதப்பட்டதோ அதற்கு மதிப்பு அதிகம்.

பிள்ளைகள் வரவழைத்த பெற்றோருக்கு மெடிகேர் என்ற முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடுதான் பெரிய விஷயம், அதற்கும் கதவு இதே எஸ்எஸ்ஏ-தான். 65 வயது ஆகி, கிரீன் கார்டோடு ஐந்து ஆண்டு தொடர்ந்து இங்கே வசித்திருக்க வேண்டும். இங்கே வேலை செய்யாதவர்கள் பணம் கட்டிச் சேரலாம்: 2025-இல் பகுதி ஏ-க்கு (மருத்துவமனைச் செலவு) மாதம் 518 டாலர், பகுதி பி-க்கு (மருத்துவர் செலவு) 185. வாழ்க்கைத்துணைக்கு 40 கிரெடிட் (இங்கே வேலை செய்து வரி கட்டிச் சேர்த்த புள்ளிகள்) இருந்தால் பகுதி ஏ இலவசம், ஆனால் பிள்ளையின் கிரெடிட் பெற்றோருக்கு உதவாது. ஐந்தாண்டு முடியும் மாதத்தை நடுவில் வைத்து ஏழு மாதம் சேரும் காலம். அதைத் தவறவிட்டால் ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரைதான், பகுதி பி-க்கு ஒவ்வொரு முழு 12 மாதத் தாமதத்துக்கும் 10 சதவீதம் கூடுதலாக வரும். ஊருக்குப் போய்வந்த தேதிகளைப் பாஸ்போர்ட் முத்திரைகளோடு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். தொடர்ந்த வசிப்பு உண்டா என்பதை அலுவலர் இதிலிருந்துதான் தீர்மானிப்பார். இந்த வகை விண்ணப்பம் அதிகம் பார்க்காத அலுவலர் 'உங்களுக்குத் தகுதி இல்லை' என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிவிடுவதும் உண்டு. அனுபவமுள்ளவர்கள் விலகிப்போன இடத்தில் இது இன்னும் சாதாரணம். விண்ணப்பத்தைப் பதிவு செய்து, மறுப்பதென்றால் எழுத்தில் தரும்படி கேளுங்கள். எழுத்தில் மறுத்தால்தான் மேல்முறையீடு செய்ய முடியும்.

'உங்களுக்கு அதிகமாகக் கொடுத்துவிட்டோம், திருப்பிக் கொடுங்கள்' என்ற கடிதம் வந்தால் நாளை எண்ணத் தொடங்குங்கள். 2025 ஏப்ரல் 25-க்குப் பிந்தைய கடிதங்களில், பதில் சொல்லாவிட்டால் மாதத் தொகையில் 50 சதவீதம் பிடிக்கிறார்கள். அதற்கு முந்தைய ஆண்டில் அது 10 சதவீதம். கணக்கே தவறு என்றால் எஸ்எஸ்ஏ-561. தவறு என்னுடையதல்ல, கட்டவும் வழியில்லை என்றால் எஸ்எஸ்ஏ-632. கட்டுகிறேன், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக என்றால் எஸ்எஸ்ஏ-634. 30 நாளுக்குள் முதல் இரண்டில் ஒன்றைக் கொடுத்துவிட்டால் முடிவு வரும்வரை பிடித்தம் தொடங்காது.

உயிரோடு இருப்பவரைப் பதிவில் இறந்தவராகக் குறித்துவிடுவதும் நடக்கும். 150 வயதுக்காரர்கள் பணம் வாங்குகிறார்கள் என்று 2025-இல் எலான் மஸ்க் கிளப்பிய பரபரப்புக்குப் பிறகு இதைப் பற்றிப் பயம் கூடியது. 1920-க்கு முன் பிறந்த பலருக்கு இறப்புத் தேதி பதிவாகாதது உண்மை, ஆனால் அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பணம் போகவே இல்லை என்று 2023-இலேயே எஸ்எஸ்ஏ-வின் தலைமை ஆய்வாளர் அறிக்கை சொல்லிவிட்டது. தவறாகக் குறித்துவிட்டால் காலாவதியாகாத அசல் அடையாள அட்டையுடன் நேரில் போங்கள். திருத்தியதும் வங்கிக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் காட்ட ஒரு கடிதம் தருவார்கள். கேட்டு வாங்குங்கள்.

இதெல்லாம் செய்தும் மாதக்கணக்கில் அசையவில்லை என்றால் உங்கள் தொகுதியின் கீழவை உறுப்பினருடைய உள்ளூர் அலுவலகத்துக்குப் போங்கள். ஆட்குறைப்பை ஆதரித்தவராக இருந்தாலும் தயங்க வேண்டாம், நீங்கள் யாருக்கு வாக்களித்தீர்கள் என்று கேட்க மாட்டார்கள். குடியுரிமை இல்லாதவர்களும் போகலாம். அங்கே இந்த வேலைக்கென்றே ஊழியர் உண்டு. கட்சி எதுவானாலும் அவர்கள் நன்றாகவே உழைக்கிறார்கள். கொடுக்க வேண்டியது: தனியுரிமை ஒப்புதல் படிவம், பெரியவரின் சொந்தக் கையெழுத்தோடு. எப்போது விண்ணப்பித்தீர்கள், யார் என்ன சொன்னார்கள், இப்போது என்ன வேண்டும் என்று ஒரு பக்கத்தில் தேதிவாரியாக எழுதிய தாள். வந்த கடிதங்களின் நகல். ஒரே நேரத்தில் செனட்டர் அலுவலகத்துக்கும் கொடுத்தால் இரண்டும் குழம்பும், ஒன்றை மட்டும் பிடியுங்கள். அவர்களால் முடிவை மாற்ற முடியாது. தூங்கும் கோப்பை ஒருவர் மேசைக்குக் கொண்டுவர முடியும், பெரும்பாலும் அது போதும். ஆனால் அவர்கள் விசாரிப்பதால் மேல்முறையீட்டுக்கான 60 நாள் கெடு நிற்காது. அந்தப் படிவத்தைத் தனியாக, கெடுவுக்குள், ரசீதோடு அனுப்பிவிடுங்கள்.